முனைவர் பட்டமும் சமாதானப் பணியும்: சேலத்திலிருந்து கிளம்புகிறவளுக்கு எந்த வழி?

சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் சமூகவியல், வரலாறு, அரசியல் அறிவியல் என்று முதுகலை முடித்த பிள்ளைகளில் சிலர் ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும். போர் நடந்த நாடுகளில் சமாதானப் பணியும் செய்ய வேண்டும். ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்க முடியுமா, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வழி இருக்கிறதா?

அண்மையில் கேட்டவள் ஏற்காட்டு மலைக்காரி. மலையாளி என்ற மலைப் பழங்குடிக் குடும்பம், கேரளத்து மலையாளிகள் இல்லை. பெற்றோர் இருவரும் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவள் தாத்தா ஊர்க்கூட்டத்தில் வழக்குப் பேசித் தீர்த்தவர். சேர்வராயன் மலையில் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகள், அதாவது மலையூர்த் தொகுதிகள், உண்டு. நிலத் தகராறோ கல்யாணத் தகராறோ, ஊர்க்கவுண்டர் முன்னால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது அங்கே பழைய வழக்கம். சமாதானம் பேசுவதை அவள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்து வளர்ந்தவள். இப்போது நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஒரு பன்னாட்டு அமைப்பின் களப்பணிக்கு விண்ணப்பித்து நேர்காணல் வரை வந்திருக்கிறாள். “அம்மா, எதை முதலில் எடுப்பது?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், அதே நிலையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று.

சமாதானப் பணி என்றதும் நீலத் தொப்பி போட்ட ஐ.நா. படைவீரர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். நாம் பேசுவது அது இல்லை. 1992இல் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பூத்ரோஸ் காலி, சண்டை நின்ற பிறகு அது மறுபடி மூளாமல் இருக்கச் செய்ய வேண்டிய வேலைகளைத் தனியாக எடுத்துச் சொன்னார். ஊர் திரும்பும் அகதிகளைக் குடியமர்த்துவது, ஒருவரையொருவர் கொன்ற இரண்டு ஊர்களை ஒரே சந்தைக்கு வர வைப்பது, மிரட்டலுக்கு ஆளானவர்களோடு ஆயுதமில்லாமல் கூடவே இருப்பது, போர்நிறுத்தம் மீறப்படுகிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். 2005இல் இதற்கென்றே ஐ.நா.வில் ஓர் ஆணையம் வந்தது. 2015இல் பாதுகாப்பு மன்றத்தின் 2250ஆம் தீர்மானம் இளைஞர்களுக்கு இதில் இடம் கொடுக்க வேண்டும் என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

படிப்பையும் இந்தப் பணியையும் ஒருசேரச் செய்தவர்கள் உண்டு. ஆடம் கர்ல் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரியா–பியாஃப்ரா போரில் இரண்டு தரப்புக்கும் நடுவே போய்வந்து பேசியவர். பிறகு 1973இல் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமாதான ஆய்வுத் துறை தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியர் ஆனார். அமெரிக்கரான ஜான் பால் லெடராக் 1980களில் நிகரகுவாவில் அரசுக்கும் மிஸ்கிட்டோ பழங்குடி எதிர்ப்பாளர்களுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் மத்தியஸ்தர்களோடு வேலை செய்தார். அதே பத்தாண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். சமாதானம் பேசும் முறையை வெளியிலிருந்து கொண்டுபோய் இறக்கக் கூடாது, அந்த மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் முறையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அவர் களத்தில் கற்று வகுப்பில் சொன்ன பாடம். ஊர்க்கவுண்டர் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதைவிட ஊக்கம் தரும் செய்தி வேறென்ன வேண்டும்?

நம் பக்கத்திலும் இந்த மரபுக்கு வேர் இருக்கிறது. காந்தியவாதி வினோபா 1957இல் தொடங்கிய சாந்தி சேனை என்ற ஆயுதமில்லாத தொண்டர் படையில் வேலை செய்த நாராயண் தேசாய், 1981இல் பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அமைப்பின் தொண்டர்கள் 1989 முதல் 1998 வரை இலங்கையில், உயிருக்கு ஆபத்து இருந்த வழக்கறிஞர்களோடும் தொழிற்சங்கக்காரர்களோடும் துணையாக நடந்தார்கள். 2002இல் ஹரியானாவின் சூரஜ்குண்டில் கூடித் தொடங்கப்பட்ட, ஆயுதமில்லாமல் மக்களைப் பாதுகாக்கும் நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் அமைப்பின் முதல் களமும் இலங்கைதான். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் காந்தியச் சிந்தனையோடு சமாதான அறிவியலும் பாடமாகவே இருந்து வருகிறது.

வழிகளுக்கு வருகிறேன். அவள் முன்னால் நான்கு இருக்கின்றன.

உதவித்தொகையோடு இங்கேயே முழுநேர ஆய்வு

ஜே.ஆர்.எஃப். கிடைத்தவளுக்கு இதுதான் கைக்கு அருகில் இருப்பது. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டு வரை கிடைக்கும். ஜே.ஆர்.எஃப். கிடைக்காத பழங்குடி மாணவர்களுக்கு மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு 750 பேருக்குத் தேசிய உதவித்தொகை தருகிறது. சேலம் மாவட்ட மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் அதற்கு விண்ணப்பிக்கலாம். தோட்டக் கூலியில் ஓடும் வீட்டில் மாதாமாதம் வரும் இந்தப் பணம் சாதாரணமானதில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போகும் என்று அவளே சொன்னாள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளையிடம் “கனவைத் துரத்து” என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சமாதான ஆய்வு என்ற பெயரில்தான் துறை வேண்டும் என்றால் தில்லி ஜாமியா மில்லியாவில் 2004இல் தொடங்கிய நெல்சன் மண்டேலா மையம் இருக்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மாளவியா சமாதான ஆய்வு மையம் இருக்கிறது. என்னைக் கேட்டால் துறையின் பெயரைவிட நெறியாளரே முக்கியம். களத்துக்கு மாணவியை அனுப்பிப் பழகிய நெறியாளர் சமூகவியல் துறையில் இருந்தால் அங்கேயே சேரலாம்.

இந்த வழியின் இறுக்கம் நேரத்தில் இருக்கிறது. உதவித்தொகை வாங்குகிறவர் சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கக் கூடாது. பொது விடுமுறைகள் போக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. முதல் ஆண்டில் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் படித்துத் தேற வேண்டும். இவற்றுக்கு நடுவே வெளிநாட்டுக் களப்பணி எங்கே நுழையும் என்று கேட்டால், விதிகளிலேயே ஒரு கதவு இருக்கிறது. பலரும் அதைப் படிப்பதில்லை. ஆய்வு தொடர்பான வெளிநாட்டுப் பயணத்துக்கு, உதவித்தொகைக் காலம் முழுவதற்கும் சேர்த்து ஓராண்டு வரை, உதவித்தொகை இல்லாத கல்வி விடுப்பு எடுக்கலாம். அந்த ஓராண்டு ஐந்தாண்டுக் கணக்கிலிருந்து கழிந்துவிடும், பணமும் வராது. ஆனால் பதிவு அறுந்துபோகாது. என் கணக்கில் இந்த ஓராண்டுதான் முழு விஷயத்தின் அச்சாணி. பிறகு இதற்கே திரும்பி வருகிறேன்.

பகுதிநேர ஆய்வு

வேலையில் சேர்ந்துகொண்டு பகுதிநேரமாகப் பதிவு செய்வது கேட்கும்போது எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடுவதாகத் தோன்றும். 2022இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. ஆனால் வேலை கொடுத்தவரிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் இவர் பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடங்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்றெல்லாம் இருக்க வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு என்று ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் களப்பணி அமைப்பு இப்படி எழுதிக் கொடுக்குமா? நான் பார்த்தவரை தயங்குகிறார்கள். தெற்கு சூடானில் இருப்பவளைப் பாட வகுப்புக்காகச் சேலத்துக்கு விடுவிக்க எந்த மேலாளருக்கும் மனம் வராது. தபால்வழியிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் படிப்பதை இந்த விதிகள் ஏற்பதில்லை. ஆகவே பாட வகுப்புகளுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும்.

காலக்கெடு அவளுக்குக் கொஞ்சம் சாதகம். சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு. ஆக, பத்து ஆண்டு வரை இழுக்கலாம். ஆனால் பத்து ஆண்டு என்பது சலுகை மாதிரித் தெரியும் பொறி. களப்பணியில் இருக்கும்போது ஒவ்வொரு வாரமும் ஏதோ அவசரம் வந்து நிற்கும். ஆய்வேட்டுக்கு அவசரம் என்று எதுவும் கிடையாது. அவசரமில்லாதது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். உள்ளூரிலேயே, ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியருக்கோ சமூகப் பணியாளருக்கோ பகுதிநேரம் பொருந்தும். கண்டம் விட்டுக் கண்டம் போகப்போகும் இளையவளுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டில் முனைவர் பட்டம்

இது எல்லோருக்கும் கனவு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் முடிவு நம் கையில் இருப்பது குறைவு.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சமாதான, மோதல் ஆய்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆண்டுக்கு 25 பேராவது மோதலில் இறந்தால்தான் அதை ஆயுத மோதலாகக் கணக்கில் எடுப்பது என்ற அளவுகோலோடு, உலகின் போர்களைப் பதிவு செய்துவரும் தரவுத்தொகுப்பு அங்கேதான் நடக்கிறது. ஸ்வீடனில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். நான்கு ஆண்டு, கற்பித்தல் போன்ற துறைப் பணிகள் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம், அதற்கேற்பக் காலமும் நீளும், கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் குரோக் நிறுவனம் சமாதான ஆய்வை வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளோடு சேர்த்தே முனைவர் பட்டமாகத் தருகிறது. இந்த இடங்களில் இடம் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் போகலாம். போட்டி மிகக் கடுமை.

அரசு உதவியோடு போகலாமே என்றால், பழங்குடியினருக்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு மட்டும். பட்டியல் சாதியினருக்கான திட்டத்தில் இடங்கள் அதிகம். ஆனால் 2022இல் வந்த வழிகாட்டுதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. நம் ஊர்ச் சாதி மோதலையோ நில மோதலையோ ஆராய வேண்டும் என்று ஒரு தலித் மாணவர் அந்த உதவியில் லண்டன் போக முடியாது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விதி. யாருக்கு இந்த ஆய்வு மிக நெருக்கமோ அவர்களுக்கே அந்தக் கதவு மூடியிருக்கிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தனியாக இருக்கிறது. முதலில் அதை விசாரிக்கலாம்.

ரோட்டரி சமாதான உதவித்தொகை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது முதுகலைக்கும் சான்றிதழ்ப் படிப்புக்கும் தரப்படுவது. முனைவர் பட்டத்துக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் களம், பிறகு படிப்பு

அவளுக்கு மிகப் பிடித்த வழி இது. பிடிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. களம் பார்த்தவர் கேட்கும் கேள்வி வேறு. நூலகத்தில் மட்டும் இருந்தவர் கேட்கும் கேள்வி வேறு. நேர்காணல் வரை வந்த வேலை பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில். அங்கே பல பத்தாண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பிறகு 2014இல் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் விரிவான உடன்பாடு ஏற்பட்டது. போர்நிறுத்தத்தைப் பார்க்கும் வேலையில் ஆயுதமில்லாத குடிமக்களும் பங்கெடுத்தது உலகமே கற்றுக்கொள்ள வேண்டிய அனுபவம்.

இதற்கு எதிராக மூன்று விஷயம் சொன்னேன். முதலாவது, ஜே.ஆர்.எஃப். எடுப்பதற்கு வயது வரம்பு உண்டு. பொதுவாக முப்பது, பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. கையில் இருக்கும் கடிதத்துக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். அதற்குள் சேராவிட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டும். இரண்டாவது, இந்த வேலைகள் இளம் வயதில் எளிதாகத் திறப்பதில்லை. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தையே எடுத்துக்கொண்டால், 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. அனுபவமுள்ள வல்லுநர் பிரிவுக்கு 27 வயதாவது ஆக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்தால் இன்னும் பொறுப்பான வேலை கிடைக்கும். ஆகவே இப்போது போகாவிட்டால் எப்போதும் போக முடியாது என்ற பயம் தேவையில்லை. மூன்றாவது வீடு. குறுகிய ஒப்பந்தம் முடிந்து ஏற்காட்டுக்குத் திரும்பி, அடுத்த ஒப்பந்தம் வரும்வரை வருமானமில்லாமல் இருக்கும் மாதங்களை அந்தக் குடும்பம் தாங்காது.

இலங்கைக்கே போய் வேலை செய்தால் என்ன, தமிழ் தெரியுமே என்றும் கேட்டாள். இது நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். ஒரு தாய் பேச்சை நிறுத்தி வேறு பக்கம் பார்க்கும்போது ஏன் நிறுத்தினாள் என்று புரியும். ஆனால் ஆயுதமில்லாமல் நடுவில் நிற்கும் பணிக்கு முதல் தேவை, இரண்டு தரப்பும் அவளை நடுவாள் என்று நம்புவது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணை ஒரு சிங்களக் கிராமமும் அங்குள்ள அதிகாரிகளும் எளிதில் அப்படிப் பார்க்க மாட்டார்கள். அவள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சரி. மிண்டனாவோவில் இதற்கு நேர்மாறு. அங்கே அவளை யாரும் எந்தத் தரப்பிலும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் மகிந்தனாவோ மொழியில் சொன்னதை இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். மொழி இருக்கும் இடத்தில் நடுநிலை இல்லை. நடுநிலை இருக்கும் இடத்தில் மொழி இல்லை. இதில் எதை இழக்கத் தயார் என்பதைப் பணிக்குப் போகிற எவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு வேலைக்கு நடுநிலை முக்கியம். ஆய்வுக்கு மொழி முக்கியம்.

இரண்டு வேடத்தில் ஒரே வீட்டுக்குப் போகலாமா?

இந்த நான்கு வழிகளையும் பணம், காலம், விதி என்று ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. என் மனத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது அது.

சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983இல் போர் மூண்டதிலிருந்து பல அலைகளாக வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், இன்னும் குடியுரிமை இல்லாதவர்கள். தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்ததும் அப்போதுதான். முகாமுக்குள் ஆய்வுக்குப் போக மறுவாழ்வுத் துறையின் அனுமதி வேண்டும். காவல்துறையின் உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவும் விசாரிக்கும்.

மாணவர்களோடு ஒரு முகாமுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. ஒரு பெண்மணி வாசலில் பாய் விரித்து உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, மன்னாரிலிருந்து படகில் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மாணவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். அவர் பேச்சு நின்றது. “தம்பி, இதை எழுதினால் எங்கள் கார்டுக்கு ஏதாவது ஆகுமா?” என்று கேட்டார். மாணவன் ஒன்றும் ஆகாது என்றான். அவர் தலையாட்டினார். பிறகு சொன்னதெல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய செய்திகள்தான். வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியின் மேல் அவர் குடும்ப அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பேசி முடிக்கும்வரை அவர் கை அதன் மேலேயே இருந்தது.

அந்தக் கேள்விக்கு ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் படிவம் பதிலாகாது. படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் அவர் போட்டுவிடுவார். மறுக்க முடியாது என்று நினைத்துப் போடுவார். சமாதானப் பணியாளராக ஒரு வீட்டுக்குப் போகிறவளிடம் அந்த வீட்டுக்காரர் உதவி எதிர்பார்த்துப் பேசுகிறார். அதே பேச்சு பிறகு ஆய்வேட்டில் மூன்றாம் இயலாக வந்தால், எதிர்பார்ப்பை வைத்து வாங்கிய பேச்சு அது. பெயரை மாற்றி எழுதினாலும் வாங்கிய முறை மாறாது. மிரட்டலுக்கு ஆளானவர்கள் நடுவில் இது வெறும் நெறிப் பிரச்சினையாக நிற்காது. யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது வெளியே போனால் உயிருக்கே ஆபத்து.

செயல் ஆய்வு செய்கிறவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். மக்களோடு வேலை செய்துகொண்டே மக்களோடு ஆராய்வதுதான் சரி, விலகி நிற்பது மேட்டிமைத்தனம் என்பார்கள். ஊரே கூடி, கேள்வியை ஊரே எழுதி, பதிலையும் ஊரே வைத்துக்கொள்ளும் இடத்தில் அவர்கள் சொல்வது சரி. சேர்வராயன் மலையில் வன உரிமைச் சட்டத்தின்படி நிலப்பட்டா கேட்கும் ஊர் ஒன்று அவளை அழைத்து, எங்கள் வழக்கைப் பதிவு செய்து கொடு என்று கேட்டால் தாராளமாகச் செய்யலாம். அவள் அந்த ஊரின் மகள். ஆனால் வேற்று நாட்டில், ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடப் போகிறவளுக்கு அந்த உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

அதனால் நான் சொன்ன ஏற்பாடு இப்படி. காப்பாற்றப்படுகிறவர்களை ஆராயாதே. காப்பாற்ற வந்தவர்களை ஆராய். ஆயுதமில்லாத பாதுகாப்புப் பணியாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், எந்த ஊருக்குப் போவது எந்த ஊரை விடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள், ஒரு சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவனிடம் என்ன பேசுகிறார்கள், சாந்தி சேனையிலிருந்து இன்றைய பன்னாட்டு அமைப்புகள் வரை அந்த முறை எப்படி மாறியது என்பதை ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். சக பணியாளர் படித்தவர், ஒப்பந்தம் உள்ளவர். நோட்டை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் பலம் அவருக்கு இருக்கிறது. அவருடைய அமைப்பும் ஆய்வேட்டைப் படித்துப் பதில் எழுத முடியும். இப்படி ஓர் ஆய்வைத் தமிழ்ப் பெண் ஒருத்தி செய்தால் அது நம் மொழிக்கும் புதிது.

இப்படிப் பார்த்தால் முதல் வழிதான் அவளுக்குச் சரி. ஜே.ஆர்.எஃப். எடுத்து இந்த ஆண்டே சேர வேண்டும். முதல் ஆண்டு பாடங்கள். இரண்டாம் ஆண்டு காந்திகிராமத்திலும் வேறு இடங்களிலும் சாந்தி சேனையின் பழைய ஆவணங்களைத் தேடிப் படிப்பது, அதில் வேலை செய்து இன்னும் உயிரோடு இருக்கும் பெரியவர்களைப் பார்த்துப் பேசுவது. மூன்றாம் ஆண்டில் அந்தக் கல்வி விடுப்பு: மிண்டனாவோவோ வேறு நாடோ, ஆய்வுப் பொருள் பணியாளர்களே என்பதால் பயணம் ஆய்வோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்கும். திரும்பி வந்து எழுத இரண்டு ஆண்டு.

இடையில் சும்மா இருக்க வேண்டுமா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முகாமுக்குப் போகலாம், நோட்டு இல்லாமல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, பிறப்புச் சான்றுக்கும் பயண ஆவணத்துக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது போன்ற வேலைக்கு ஆள் எப்போதும் தேவை. 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளே நடத்தும் அமைப்பு. இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறவர்களைத் தயார் செய்வது வரை பல வேலை செய்கிறது. அவர்களோடு சேர்ந்து போனால் முகாமில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் கற்கலாம். விமானம் ஏறாமலே பன்னாட்டுச் சமாதானப் பணி சேலத்தில் இருக்கிறது என்பது பலர் கண்ணுக்குப் படுவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போனார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதியது. இந்த மாவட்டத்துக்கு அந்தக் கடல் ஒருபோதும் தூரமாக இருந்ததில்லை.

வெளிநாட்டு அமைப்பிடம் பணம் வாங்கி இங்கேயே நண்பர்களோடு ஒரு குழு நடத்தலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அந்தப் பணத்தைத் தொட முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள அமைப்பும் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது. ஆய்வு மாணவியின் ஐந்தாண்டைக் கணக்கு வழக்குகளே தின்றுவிடும்.

சேருவதற்கு முன் அவள் எழுதி வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் கல்வி விடுப்பு எடுத்து வெளிநாட்டுக் களத்துக்குப் போகலாம் என்ற ஒப்புதல் நெறியாளரிடமிருந்து ஆய்வுக்குழுக் கூட்டக் குறிப்பிலேயே பதிவாக வேண்டும். வாய்ச்சொல் போதாது, நெறியாளர் ஓய்வு பெறலாம், துறைத்தலைவர் மாறலாம். உதவித்தொகை நிற்கும் அந்த ஆண்டில் களப்பணி அமைப்பு தரும் படியை வாங்கலாமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். அமைப்பிடம் அவள் ஆய்வு மாணவி என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். களக் குறிப்புகள் யாருக்குச் சொந்தம், ஆய்வேட்டில் எதை எழுதலாம் எதை எழுதக் கூடாது, வெளியிடுவதற்கு முன் யார் படிப்பார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்யும் எண்ணமே கூடாது. அவள் பிடிபடுவதோடு நிற்காது, அவளோடு பேசியவர்களும் மாட்டுவார்கள்.

மிண்டனாவோ நேர்காணலுக்கு அவள் எழுதிய பதிலை எனக்குக் காட்டினாள். இப்போது வர முடியாது, முனைவர் ஆய்வில் சேர்கிறேன், மூன்றாம் ஆண்டில் ஆய்வு மாணவியாக உங்கள் பணியாளர்களோடு ஓராண்டு இருக்க விரும்புகிறேன், அதற்கு உங்கள் நிபந்தனைகள் என்ன என்று கேட்டிருந்தாள். கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றச் சொன்னேன். “உங்கள் பயனாளிகள்” என்று எழுதியிருந்த இடத்தில் “அந்த ஊர் மக்கள்” என்று போடச் சொன்னேன். போட்டு அனுப்பிவிட்டாள்.